கேபிளில் கீறல் விழுந்தால் மூடிவிட்டுப் போகாதீர்கள்

சென்னையில் மண்ணுக்குள் போகும் 11 கேவி (11,000 வோல்ட்) கேபிள்களில் பழுது தேடுவது என் வேலை. எங்களைப் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் தெருவில் பார்ப்பீர்கள். வண்டிகளின் இரைச்சல் அடங்கினால்தான் மண்ணுக்கடியில் எழும் சத்தம் காதில் விழும்.

"மெஷின்தான் இடத்தைக் காட்டுமே, அப்புறம் ஏன் சார் மூன்று இடத்தில் தோண்டுகிறீர்கள்?" என்று கரண்ட் இல்லாமல் வாசலில் நிற்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி, எந்த ஃபேஸ் கெட்டிருக்கிறது என்று மெக்கர் என்ற காப்புச் சோதனைக் கருவியை வைத்துப் பார்ப்போம். பிறகு ஒரு முனையிலிருந்து சிறிய மின்துடிப்பை அனுப்புவோம். பழுதில் பட்டு அது எதிரொலி போலத் திரும்பி வரும். எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் காப்பு போட்ட கேபிளில் அந்தத் துடிப்பு மைக்ரோ நொடிக்குச் சுமார் 160 முதல் 170 மீட்டர் ஓடும். போய்வர 10 மைக்ரோ நொடி ஆனால், பழுது 800 மீட்டரிலும் இருக்கலாம், 850 மீட்டரிலும் இருக்கலாம். அந்த 50 மீட்டருக்குள் எத்தனை வீட்டு வாசல்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். போதாததற்கு, ஜாயின்ட் போடும் இடங்களில் கேபிளைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு வளைத்துப் புதைத்திருப்பார்கள். அதனால் கேபிளின் நீளமும் சாலையின் நீளமும் ஒன்றாக இருக்காது.

ஈரம் இறங்கி அரைகுறையாகக் கெட்டிருந்தால், இந்தத் துடிப்பு பழுதைக் கண்டுகொள்ளாமலே கடந்துவிடும். அப்போது தம்பர் என்ற உயரழுத்தக் கருவியை எடுக்க வேண்டும். சேர்த்துவைத்த உயரழுத்தத்தைச் சில நொடிக்கு ஒருமுறை கேபிளுக்குள் விட்டால், பழுதான இடத்தில் பொறி வெடித்து 'டப்' என்று சத்தம் வரும். தரை மைக்கைக் காதில் மாட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைத் தேடி நடப்போம். அந்தப் பொறியின் காந்த அலை கருவிக்கு உடனே வந்துவிடும். மண் வழியாக வரும் சத்தம் பின்தங்கும். இரண்டுக்கும் இடைவெளி எங்கே மிகக் குறைவோ அங்கேதான் குழி. ஆனால் கேபிள் குழாய்க்குள் போனால் சத்தம் குழாயின் வாயில் கேட்கும், பழுதோ உள்ளே வேறெங்கோ இருக்கும். வீணாகத் தோண்டிய குழிகளில் பல இப்படி வந்தவை. தம்பரை நெடுநேரம் அடிக்கவும் முடியாது. பழைய கேபிளில் நன்றாக இருக்கும் பகுதியையும் அது கெடுத்துவிடும்.

ஒரு நவம்பர் மழையில் இப்படித் தேடித் தோண்டினோம். கேபிளின் மேல் ஒரு பாலித்தீன் பை, அதைச் சுற்றிக் கட்டுக்கம்பி. கோடையில் அங்கே வடிகால் வேலை நடந்திருந்தது. ஜேசிபியின் பல் பட்டு மேலுறை கிழிந்ததும், யாரோ பையைச் சுற்றி மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். கட்டியவருக்குத் தான் செய்தது தெரிந்திருக்கிறது, அபராதத்துக்குப் பயந்திருக்கிறார். அன்றே சொல்லியிருந்தால் மேலுறையை மட்டும் ஒட்டிச் சரிசெய்திருப்போம். மாதக்கணக்கில் நீர் இறங்கியதால், நனைந்த பகுதியை வெட்டி எறிந்து புதுத் துண்டு சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்கு இரண்டு ஜாயின்ட். கேபிளில் அடிக்கடி கெடுவதே ஜாயின்ட்தான்.

இந்திய தர விதிப்படி 11 கேவி கேபிள் 90 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். அதை நம்பித் தோண்டாதீர்கள். சாலையைச் சுரண்டியும் ஏற்றியும் அந்தக் கணக்கு பல இடங்களில் மாறிவிட்டது. தோண்டப் போவதை முன்கூட்டியே தெரிவிக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியைக் கொண்டுவந்தது. ஒப்பந்ததாரர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும்.

குழிக்குள் கிழிந்த கேபிளைக் கண்டால் எட்டிப் பார்க்க இறங்காதீர்கள். தெருவில் விளக்கு அணைந்துவிட்டது என்பதால் கேபிளில் மின்சாரம் இல்லை என்று அர்த்தமில்லை. டிரிப் ஆன (பழுதால் தானாக அணைந்த) ஃபீடரை, அதாவது மின்பாதையை, சோதித்துப் பார்க்க மறுபடி சார்ஜ் செய்வது உண்டு. குழியில் தண்ணீர் நின்றால் இன்னும் தள்ளி நில்லுங்கள், பிள்ளைகளை விடாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 எண்ணில், சொல்லுங்கள். சின்னக் கீறலாக இருந்தாலும் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் பில்லர் பாக்ஸின் (தெருவோர மின்பெட்டியின்) எண்ணையும் எதிர்க்கடையின் பெயரையும் சேர்த்துச் சொன்னால், நாங்கள் 50 மீட்டருக்குத் தேட வேண்டியதில்லை, நேரே அந்தக் குழிக்கே வந்துவிடுவோம்.