வெள்ளம் வடிந்தபின் திறந்திருக்கும் திட்டிவாசல்

"தண்ணீர் வடிந்த பிறகு எதற்கு மருத்துவ முகாம்?" என்று குடியாத்தம் வாசகர் ஒருவர் கேட்கிறார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு எழக்கூடிய கேள்விதான். பதில், வெள்ளத்தின் பின்னே வரும் பேதியிலும், அதில் உயிர்காக்கும் ஓஆர்எஸ் என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலிலும் இருக்கிறது.

வெள்ளத்தில் சாக்கடையும் கிணறும் ஒன்றாகிவிடும். குழாய்த் தண்ணீரை நம்பவும் முடியாது. விட்டுவிட்டு வரும் குழாயில் தண்ணீர் நின்றதும் அழுத்தம் குறைந்து, வெளியே தேங்கிய அழுக்கு விரிசல் வழியே உள்ளே இழுக்கப்படும். அடுத்த முறை பிடிக்கும் முதல் குடத்தில் அதுதான் வரும். பிறகு வாந்திபேதி. வங்கதேசத்துக்கு மழைக்காலந்தோறும் இதே பாடு. 1998-இல் அந்நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நீரில் கிடந்தது.

வாந்திபேதியில் கொடியது காலரா. அதன் கிருமி விடும் நஞ்சு குடலைப் புண்ணாக்குவதில்லை. குடல் செல்களிலிருந்து குளோரைடு உப்பைக் கொட்டவைக்கிறது. உப்பின் பின்னே தண்ணீரும் போகிறது. உப்பு உள்ளே வரும் வழக்கமான பெரிய வாசலையும் அது சாத்திவிடுகிறது. கடுமையான நோயில் மணிக்கு 1 லிட்டர் வரை போய்விடும். வெறும் தண்ணீரோ உப்புத்தண்ணீரோ குடித்தாலும் பெரும்பகுதி அப்படியே வெளியேறும்.

கோட்டைக் கதவு சாத்தியிருந்தாலும் அதிலுள்ள திட்டிவாசல் திறந்திருக்குமே, அப்படியொரு வழி குடலிலும் உண்டு. எஸ்ஜிஎல்டி-1 என்னும் அந்தப் புரதத்தை நஞ்சு தொடுவதில்லை. அதற்கொரு கண்டிப்பு: 2 சோடியமும் 1 குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் ஏற்றிக்கொள்ளும். ஏற்றியதும் வெளிப்புறம் மூடி, உட்புறம் திறந்து, மூன்றையும் செல்லுக்குள் இறக்கிவிட்டு மறுபடி வெளியே திரும்பும். செல்லின் பின்பக்கத்திலுள்ள பம்பு சோடியத்தை ரத்தத்தின் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதால் உள்ளே எப்போதும் இடம் இருக்கும். உப்பும் சர்க்கரையும் போன வழியே தண்ணீரும் போகும். பேதி நின்றபாடில்லை என்றாலும் உடம்பில் நீர் ஏறிக்கொண்டே இருக்கும்!

சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே ஏறும் இந்த இணைப்பை 1960-இல் முன்வைத்த அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் ஆராய்ந்தது வெள்ளெலியின் குடலை. "எலிக் குடலுக்கு எதற்குப் பணம்?" என்று கேட்டு அடிப்படை ஆய்வின் நிதியை வெட்டுவோர் அடுத்து நடந்ததைப் படிக்க வேண்டும். 1971-இல் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4-க்கும் கீழே இறங்கியது.

இன்றைய 20.5 கிராம் ஓஆர்எஸ் பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5, சாப்பாட்டு உப்பு 2.6, சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான். ஒரு டம்ளரில் முழுதும் கொட்டினால் உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறும். ருசிக்காகச் சர்க்கரை சேர்த்தால் குடல் இன்னும் நீரை இழுத்துக்கொட்டும். ஜூஸ் டப்பாக்கள் ஆகாதது அதனால்தான். 200 மில்லி பொட்டலமும் கடையில் உண்டு, உறையைப் படியுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டருக்கு தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. 24 மணி நேரம் கழித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

2 வயதுக்குக் கீழே ஒவ்வொரு கழிச்சலுக்கும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்துத் தொடருங்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தாதீர்கள்.

வேலூர் சிஎம்சியின் ராமகிருஷ்ணா குழு 2000-இல் இன்னொரு வழியைக் காட்டியது. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால், பெருங்குடல் பாக்டீரியா அதை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலமாக்கும்; அது அங்கேயும் சோடியத்தை உள்ளிழுக்கும். காலரா நோயாளிகளுக்குப் பேதி சீக்கிரம் நின்றது.

"தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று வாயைக் கட்டுவதும், தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு அலைவதும் குழந்தையைக் கொல்லும் தாமதங்கள். கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே படிந்து, குழந்தை குடிக்கவும் முடியாமல் சோர்ந்தால் கரைசல் போதாது. நரம்பில் சலைன் ஏற்ற அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.