லீஷர்னா ஓய்வா, ஒழிவா?

லீஷர் டைம்னு சொன்னா நம்ம ஆளுங்க உடனே ஓய்வு நேரம்னு எழுதிருவாங்க, ஸ்கூல் கட்டுரைத் தலைப்புல இருந்து ஆபீஸ் சர்க்குலர் வரைக்கும் அப்பிடித்தான். தப்புன்னு சொல்லமாட்டேன், ஆனா முழுசா பொருந்தல, பொருந்தாததுக்குக் காரணம் ஓய்ங்கிற வேர்லயே இருக்கு. ஓய்தல்னா அடங்குறது, களைச்சுப்போறது. மழை ஓஞ்சுருச்சு, அலை ஓயல, மனுசன் ஓஞ்சுபோயி உக்காந்துட்டாருன்னு பேசுறோம்ல, அந்த ஓய்தான். முதல்ல அசதி, அப்பறம் ஓய்வு. அதுனாலதான் ரெஸ்ட்டுக்கும் ஓய்வு, ரிட்டயர்மென்ட்டுக்கும் ஓய்வு, பென்ஷனுக்கு ஓய்வூதியம். லீஷரையும் கொண்டுபோயி இதுக்குள்ளயே திணிச்சா, நாளைக்கு மறுபடி வேலைக்குப் போறதுக்காக உடம்பைத் தேத்திக்கிற நேரம்ங்கிற அர்த்தம் மட்டும்தான் மிஞ்சுது. லீஷர் அது கிடையாது. வேலை, தூக்கம், சாப்பாடு, வேலைக்குப் போயிட்டு வர்ற பஸ்ஸு எல்லாம் போக மிச்சம் இருக்கிற, என்ன செய்யலாம்னு நாமளே முடிவு பண்ற நேரம். அதுல கபடி விளையாடி இன்னும் அசந்துகூட போகலாம், யாரும் கேக்கமுடியாது.

இதுக்குச் சரியான சொல்லு நம்ம மதுரைப் பக்கம் கிராமங்கள்ல இன்னும் பேச்சுல கிடக்கு. "ஒழிஞ்ச நேரத்துல வீட்டுக்கு வாத்தா", "எங்கிட்டு மதினி வர்றது, கை ஒழியவே மாட்டேங்குது". ஒழிவு, ஒழிவு நேரம். இதைச் சொன்னதும் பல பேரு முகம் சுளிப்பாங்க, ஏன்னா ஒழிகன்னு கோஷம் போட்டும் ஒழிஞ்சு போன்னு வஞ்சும் அந்தச் சொல்லுக்கே கெட்ட வாடை ஏறிப்போச்சு. ஆனா ஒழிதல்னா முடியுறது, நீங்குறது, காலியாகுறது. விருந்தாளி வந்தா "அந்த ரூமை ஒழிச்சு வை"ன்னு சொல்றோமே, அதுல என்ன கெட்டது இருக்கு? சாமான் எல்லாத்தையும் எடுத்து ஒரு ஆளு வந்து தங்குற மாதிரி இடம் பண்றது. அதே மாதிரி வேலையெல்லாம் எடுத்து ஓரமா வச்சுட்டு நேரத்துல இடம் பண்றதுதான் ஒழிவு. மலையாளத்துல இன்னைக்கும் லீஷருக்கு ஒழிவு சமயம்னுதான் சொல்றாங்க, லீவு நாளுக்கு ஒழிவு திவசம். அவங்க அன்றாடம் புழங்குற சொல்லை நாம பாட்டிங்க வாயோட விட்டுட்டோம்.

இங்கிலீஷ் லீஷர் எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு பாத்தா இன்னும் விசயம் புரியும். லத்தீன்ல லிசேரேன்னு ஒரு வினை, அனுமதிக்கப்படுறதுன்னு அர்த்தம், அது பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து லீஷர் ஆச்சு. லைசென்ஸும் அதே வேர்தான். நாம தினமும் சொல்ற லீவு வேற குடும்பம், பழைய இங்கிலீஷ் சொல்லு, ஆனா அதோட அர்த்தமும் அனுமதிதான். நம்ம விடுமுறை, விடுப்பு ரெண்டும் விடுங்கிற வேர், அதாவது இன்னொருத்தர் விட்டாத்தான் உண்டு. எல்லாத்துலயும் மேல ஒரு முதலாளி நிக்கிறாரு பாருங்க. ஒழிவுல அப்பிடி யாரும் இல்ல, கை ஒழிஞ்சா ஒழிஞ்சதுதான், எனக்கு இந்தச் சொல்லு மேல இவ்வளவு பிடிப்பு வர்றதுக்கு முக்கியக் காரணமே இதுதான்.

அவகாசம்னு ஒண்ணு இருக்கு, சமஸ்கிருதச் சொல்லு, இடைவெளின்னு அர்த்தம். இந்தியில அது லீவுக்கும் ஓய்வுக்கும் ஓடுது, நம்மகிட்ட வந்து கடன் கட்டத் தவணை கேக்குறதுக்குப் போயிருச்சு, அதுனால அது ஆகாது. பொழுதுபோக்கு நல்ல சொல்லுதான், ஆனா அது நேரத்தோட பேரு இல்ல, அந்த நேரத்துல செய்ற காரியத்தோட பேரு.

கிரேக்கத்துல ஒழிவுக்கு ஸ்கோலேன்னு பேரு, ஸ்கூல்ங்கிற சொல்லு அதுல இருந்து வந்ததுதான். ஒழிவு இருந்தவன்தான் யோசிச்சான், விவாதிச்சான், படிச்சான். ரோமாக்காரங்க லத்தீன்ல ஒழிவுக்கு "ஓட்டியம்"னு பேரு வச்சாங்க, வியாபாரத்துக்கு "நெகோட்டியம்", ஒழிவு இல்லாததுன்னு அர்த்தம். அவங்களுக்கு ஒழிவுதான் அடிப்படை, வேலைதான் அதோட இல்லாமை. ஆனா அந்த ஒழிவு அடிமைங்க உழைப்பு மேல உக்காந்திருந்துச்சுங்கிறதையும் சேத்துச் சொல்லணும்.

எல்லாருக்கும் அது வேணும்ங்கிறது பின்னாடி வந்த சண்டை. 8 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் பொழுதுபோக்கு, 8 மணி நேரம் ஓய்வுன்னு பிரிட்டன்ல மில்லு நடத்துன ராபர்ட் ஓவன் 1817ல கேட்டாரு, 1886ல சிகாகோவுல இந்த 8 மணி நேரத்துக்காக நடந்த போராட்டத்துல ரத்தம் சிந்துச்சு, 1923ல தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் மெட்ராஸ்ல மே தினம் கொண்டாடுனாரு. 1948ல ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் 24வது பிரிவுல ஓய்வும் ஒழிவும் தனித்தனியா உரிமைன்னு வந்துச்சு, நம்ம அரசியல் சட்டத்தோட 43வது பிரிவும் தொழிலாளிக்கு ஒழிவை முழுசா அனுபவிக்கிற நிலைமை வேணும்னு சொல்லுது. மதுரையில ஹார்வி மில்லு சங்குக்கு எந்திரிச்சு சங்குக்குத் தூங்குன குடும்பங்களுக்கு இந்த 8 மணி நேரத்தோட மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்ல. 2023 ஏப்ரல்ல சட்டசபையில 12 மணி நேர வேலைக்கு வழிவிடுற திருத்தம் நிறைவேறி, தொழிற்சங்கங்க எல்லாம் கொதிச்சு எந்திரிச்சதுல மே 1ஆம் தேதி வாபஸ்னு அறிவிப்பு வந்துச்சு, அவ்வளவு பக்கத்துல வந்துட்டுப் போயிருக்கு.

இப்ப வெட்டிங்கிற சொல்லுக்கு வர்றேன், இதை விட்டுட்டு ஒழிவைப் பேசமுடியாது. "வெட்டியா இருக்கான்"னா வேலை இல்லாதவன்னு இன்னைக்கு அர்த்தம். சோழர் காலக் கல்வெட்டுல வெட்டின்னா கூலி இல்லாம ஊருக்கும் அரசுக்கும் செஞ்சு குடுக்கவேண்டிய கட்டாய உழைப்பு. கூலி இல்லாத உழைப்பைக் குறிச்ச சொல்லு, உழைப்பே இல்லாததுக்குப் பேராகிப் போச்சு. இதை யோசிச்சா எனக்கு வீட்டுப் பொம்பளைங்கதான் ஞாபகம் வர்றாங்க. 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயில, சம்பளம் இல்லாத வீட்டு வேலை பாக்குறவங்கள்ல பொம்பளைங்க ஒரு நாளைக்கு 299 நிமிசம், ஆம்பளைங்க 97 நிமிசம். கேட்டா வீட்ல சும்மாதான் இருக்காங்கன்னு சொல்லிருவோம். எங்க தெருவுல மத்தியானம் மூணு மணிக்குப் பாத்தா வாசப்படியில நாலஞ்சு பேரு வட்டமா உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாங்க, தூரத்துல இருந்து பாக்க ஒழிவு மாதிரியே இருக்கும், கிட்ட போனா நடுவுல முறம் நிறைய மல்லிப்பூ, ஆளுக்கு ஒரு நார், வாய் பேசப்பேச கை ரெண்டு ரெண்டு மொக்கா வச்சு முடிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கு. பூ விரிஞ்சா விலை போகாது, அதுனால நிமிந்து பாக்கக்கூட நேரம் கிடையாது. "கை ஒழியல"ங்கிறதை இதை விட அப்பட்டமா எங்கயும் பாக்கமுடியாது. தூங்கா நகரம்னு நாம பெருமையா சொல்லிக்கிறதும் இப்பிடித்தான், சங்கப் பாட்டு மதுரைக்காஞ்சி பாடுன அல்லங்காடி, அதாவது ராத்திரிக் கடைத்தெரு, அந்தக் காலத்துல இருந்து ஊரு ராத்திரி முழிச்சிருக்குன்னா யாரோ ஒருத்தர் கல்லு முன்னாடி பரோட்டா தட்டிக்கிட்டு நின்னாத்தான் உண்டு.

ஒழிவு இருந்தா ஒரு சமூகம் என்ன பண்ணும்னு தெரிஞ்சுக்க ரொம்ப தூரம் போகவேணாம், கீழடிக்குப் போனாப் போதும். பானையோடும் மணிகளோடும் சேந்து தாயக்கட்டை, ஆட்டக்காய், பாண்டி விளையாடுற சில்லு எல்லாம் கிடைச்சிருக்கு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி பானைச் சில்லை வட்டமா உரசித் தேச்சு உக்காந்திருக்கான் ஒருத்தன், அதுல ஒரு லாபமும் இல்ல, ஆனா அந்த ஊரு எப்பிடி வாழ்ந்துச்சுன்னு அந்தச் சில்லு சொல்ற மாதிரி வேற எதுவும் எனக்குச் சொல்லல.

அதுனால புழங்குறப்ப இப்பிடிப் பிரிச்சுக்கலாம்னு நினைக்கிறேன். களைச்சு உக்காந்தா ஓய்வு, வேலையில கேட்டு வாங்குறது விடுப்பு, கேலண்டர்ல சிவப்பா இருக்கிறது விடுமுறை, சினிமா கச்சேரி எல்லாம் கேளிக்கை, தபால்தலை சேக்குறது பொழுதுபோக்கு. லீஷருக்கு ஒழிவு, லீஷர் டைமுக்கு ஒழிவு நேரம். எழுதும்போது கூச்சமா இருந்தா முதல்ல பேச்சுல ஆரம்பிங்க, யாராச்சும் ஃபோன் பண்ணி ஃப்ரீயா இருக்கியான்னு கேட்டா ஒழிவாத்தான் இருக்கேன், சொல்லுங்கண்ணேன்னு சொல்லுங்க, மதுரையில யாருக்கும் அது புரியாமப் போகாது.