கீழே தாளம், மேலே மெட்டு

அமெரிக்க ஜாஸ் பாடகியும் பேஸ் கலைஞருமான எஸ்பெரான்சா ஸ்பால்டிங் 2008இல் தன் முதற்பெயரையே தலைப்பாக்கி வெளியிட்ட ஆல்பத்தில், 1930இல் எழுதப்பட்ட 'பாடி அண்ட் சோல்' என்ற ஜாஸ் பாடலை ஸ்பானிய மொழியில் பாடுகிறார். நான்கு தட்டுத் தாளத்தில் ஊறிப்போன அந்த மெட்டு இங்கே ஐந்து தட்டுகளில் ஓடுகிறது. அந்த ஐந்தை விடாமல் பிடித்திருக்கும் டபுள் பேஸும், அதாவது நின்றபடி வாசிக்கும் வயலின் வடிவிலான பெரிய தாழ்குரல் தந்திக்கருவியும், அவர் கையில்தான் இருக்கிறது. மேடையிலும் அவர் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டே பாடுபவர்.

கிட்டார் மீட்டியபடி பாடுவோர் ஏராளம். பேஸ் வாசித்தபடி பாடுவோர் மிகக் குறைவு. காரணம் எளியது: கிட்டாரில் மீட்டும் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) பெரும்பாலும் மெட்டோடு சேர்ந்தே நகர்கின்றன. பேஸ் வாசிப்பதோ தனக்கென்று சுரங்களும் நடையும் கொண்ட இன்னொரு மெட்டு. குரல் ஒரு சொல்லை நீட்டி நிற்கும்போதுகூட விரல்கள் அடுத்த தட்டுக்குப் போய்விட்டிருக்க வேண்டும்.

கருவியும் மன்னிக்கிற வகை அல்ல. டபுள் பேஸின் கழுத்தில், கிட்டாரில் இருப்பதுபோல் சுர இடங்களைக் குறிக்கும் குறுக்குக் கட்டைகள் கிடையாது. விரல் எங்கே அழுத்துகிறதோ அதுதான் சுருதி. தந்தியின் நீளம் ஏறத்தாழ 105 செ.மீ. திறந்த தந்தியிலிருந்து அரைச்சுரம், அதாவது மிக நெருங்கிய அடுத்த சுரம், ஏற விரல் சுமார் 6 செ.மீ. நகர வேண்டும், கிட்டாரில் அதே தூரம் 3.6 செ.மீ.தான். மேலே போகப் போக இடைவெளி சுருங்குகிறது. தந்தியின் நடுப்பகுதியில் விரல் 5 மில்லிமீட்டர் தவறினால் சுருதி அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு விலகிவிடும், பழகிய காதுக்கு அது உறுத்தும். பாடுகிறவர் இந்த இடங்களைக் கண்ணால் தேட முடியாது. தோள், முழங்கை, பெருவிரல் ஆகியவற்றின் நிலையைக் கொண்டே கை தன் இடத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் மூளை இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் கவனிக்கிறதா? என் வியப்பெல்லாம் இங்கேதான். ஒரு கையால் மூன்றும் மறு கையால் இரண்டும் ஒரே கால அளவுக்குள் தட்டிப் பாருங்கள். இரண்டு தனித்தனி கடிகாரங்களாக ஓட்ட முயன்றால் கைகள் ஒன்றையொன்று இழுக்கும். அந்தக் கால அளவை ஆறு கூறுகளாகப் பிரித்தால் மூன்றின் தட்டுகள் 1, 3, 5 ஆகிய கூறுகளிலும், இரண்டின் தட்டுகள் 1, 4 ஆகிய கூறுகளிலும் விழும். அதாவது உடல் செய்ய வேண்டியது 1, 3, 4, 5 என்ற ஒரே கோலம். முதலில் இரு கைகளும் சேர்ந்து, பிறகு ஒன்று, மற்றது, மறுபடி முதல் கை. தேர்ந்தவர்கள் கற்றுக்கொள்வது இப்படிப் பின்னிய ஒற்றைக் கோலத்தைத்தான். பாடும் பேஸ் கலைஞரும் எந்த அசை எந்தச் சுரத்துக்குச் சற்று முன்னால் விழுகிறது, எது பின்னால் என்று மெதுவான வேகத்தில் பின்னிப் பழகுகிறார். பழகப் பழக விரல்களின் பங்கு தானாக நடக்கத் தொடங்குகிறது. கவனம் குரலுக்கு விடுதலையாகிறது.

கேட்பவரின் காது இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய உதவி செய்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தாழ்ந்தது ஒன்றும் உயர்ந்தது ஒன்றுமாக இரு சுரங்களை ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தார்கள். இடையிடையே ஏதேனும் ஒன்று மட்டும் 50 மில்லிநொடி முந்தி வரும். தாழ்ந்த சுரம் முந்தியபோது மூளையின் மின்னலைகள் அதிகம் திடுக்கிட்டன. சுருதி பிசகினால் நிலைமை தலைகீழ்: இரண்டில் மேலே ஒலிப்பதன் பிசகைத்தான் மூளை கூர்மையாகப் பிடிக்கிறது. ஆகவே காலத்தைக் கீழ்க்குரலிடமும் மெட்டை மேற்குரலிடமும் ஒப்படைப்பது வெறும் மரபு அல்ல, கேள்விப்புலனின் இயல்பு. குரல் தட்டுக்குப் பிந்திச் சோம்பலாக வந்தாலும் பாட்டு தடுமாறுவதில்லை. பேஸ் பிந்தினால் எல்லாமே சரியும்.

அந்தக் கீழ்க்குரலைப் பற்றி ஒரு செய்தி. டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். ஆளுயரப் பெட்டி ஒன்றால் அவ்வளவு பெரிய அலையை வலுவாக வெளியே தள்ள முடியாது. நம்மை வந்தடைவது பெரும்பாலும் 82, 123, 164 என அடுக்கடுக்காக எழும் மேற்சுரங்களே. அவற்றின் சீரான இடைவெளியிலிருந்து அடிச்சுரம் 41 என்று மூளை தானே கணித்து நமக்குக் கேட்கச் செய்கிறது. சிறிய ஒலிபெருக்கியிலும் பேஸின் மெட்டு புரிவது இதனால்தான்.

இதே மேற்சுரங்கள் பாடகருக்குச் சிக்கலையும் தருகின்றன. அவை குரல் உலவும் பகுதிக்குள் ஏறி வருகின்றன. தாழ்ந்த ஒலிகள் தமக்கு மேலுள்ள ஒலிகளை எளிதில் மறைக்கக் கூடியவை. நல்ல வேளையாக, விரலால் மீட்டிய சுரம் எழுந்த உடனே தணியத் தொடங்குகிறது. அந்தத் தணிவுக்குள் சொல் நுழைந்துவிடலாம். பாடும் வரிகளில் சுரங்களைக் குறைத்து, வரி முடிந்த இடத்தில் விரல்களை ஓடவிடுவதே நல்ல வழி என்பது என் எண்ணம்.

குரலையும் தந்தியையும் பிரிக்காமல் ஒட்டவைத்தவர்களும் உண்டு. 1930களில் புகழ்பெற்ற ஸ்லாம் ஸ்டூவர்ட், வில்லால் பேஸை இழைத்தபடி அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே முனகுவார். பேஸ் 110 ஹெர்ட்ஸில் ஒலித்தால் குரல் 220இல். அது பேஸின் இரண்டாவது அதிர்வெண்ணேதான். குரலின் மேற்சுரங்களும் பேஸின் மேற்சுரங்கள் மீதே விழுகின்றன. அதனால் இரண்டும் கலந்து ஒரே புதிய கருவியாகக் கேட்கின்றன. குரல் 222க்கு நழுவினால் ஒலி நொடிக்கு இரண்டு முறை பொங்கித் தணியும். வில் சுரத்தை நீட்டிப் பிடிப்பதால் அந்தப் பொங்கலைக் கேட்டுக் குரலைத் திருத்திக்கொள்ள அவருக்கு நேரம் கிடைத்தது. விரலால் மீட்டிய சுரம் அவ்வளவு நேரம் காத்திருக்காது.