ஆயாவை நோக்கி நீண்ட கை

பெங்களூரு அல்சூரில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகை. நாடக ஒத்திகை நடக்கிறது. நண்பர் ஒருவர், கணினி வரைந்த உலகத்தைக் கண்முன் காட்டும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது திருவண்ணாமலைப் பக்கம் உள்ள ஒரு வீட்டுத் திண்ணை. அதில் அவருடைய ஆயா, அதாவது பாட்டி. ஆயா போய் மூன்று வருஷம் ஆகிறது. “சாப்ட்டியாடா?” என்று கேட்டதும் நண்பரின் கை தானாக நீண்டது. தொட்டது வெறும் காற்றை.

ஆயா இல்லை என்று தெரிந்தும் அந்தக் கை ஏன் நீண்டது?

ஹெட்செட் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டுகிறது. நம் கண்மணிகளுக்கு நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி. அதற்கேற்ப வரைந்த இரண்டு படங்களை மூளை ஒன்றாக்கி, ஆயா எட்டும் தூரத்தில் இருப்பதாகக் கணக்குப் போடுகிறது. தலையைத் திருப்பினால் திண்ணையும் அதற்கேற்ப நகர வேண்டும். இதற்காகப் படம் பெரும்பாலும் நொடிக்கு 90 தடவை புதிதாக வரையப்படுகிறது. தலை அசைந்து சுமார் 20 மில்லிநொடிக்குள் காட்சி மாறிவிட்டால் மூளை நம்பிவிடும். தாமதமானால் தலை திரும்பிவிட்டதாக உள்காது சொல்லும், கண் மறுக்கும், தலைசுற்றல்தான் மிச்சம்.

சரி, திண்ணையை நம்பியாயிற்று. ஆயாவை? அச்சு அசலாக முகம் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் சறுக்கல். உருவம் மனிதரை மிகவும் நெருங்கி, கொஞ்சம் மட்டும் பிசகினால் நமக்கு ஒட்டுதல் போய் அருவருப்பு வரும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இலேயே எழுதினார். தோல் சுருக்கம் கச்சிதமாக இருந்து கண் மட்டும் இமைக்காவிட்டால், அது ஆயா அல்ல, பிணம். என்னைக் கேட்டால் முகத்தைக் கரிக்கோட்டு ஓவியம்போல விட்டுவிட்டு, மூச்சுக்கும் பார்வைக்கும் பதில் சொல்லும் நேரத்துக்கும் உழைக்கலாம். பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க நாம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 200 மில்லிநொடி அளவுதான். கேட்டு, யோசித்து, குரலாக்கித் தரும் கணினி இந்த இடத்தில் தடுமாறுகிறது. அதனால் இந்த ஒத்திகையில் திரைக்குப் பின்னால் ஒரு நடிகை, கை கால் இடுப்பில் அசைவை அளக்கும் சென்சார் கட்டிக்கொண்டு ஆயாவை அசைக்கிறார், பேசுகிறார்.

2020-இல் தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்று, மகளை இழந்த தாயை அவளுடைய விஆர் உருவத்துடன் சந்திக்க வைத்தது. இது ஆறுதலா, கொடுமையா என்று பெரிய வாதம் எழுந்தது. எனக்கு நினைவுக்கு வருவது நம் வட மாவட்டக் கூத்து. கருமாதி ராத்திரியில் கர்ண மோட்சம் ஆடுவார்கள். வேஷம் கட்டியவர் யார் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் கர்ணன் விழும்போது, செத்துப்போன தங்கள் ஆளுக்காக அழுவார்கள். விடிந்ததும் வேஷம் கலையும். அந்த விடியலை விஆர் நாடகமும் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். பொத்தானை அழுத்தினால் எந்நேரமும் ஆயா வருவார் என்றாகிவிடக் கூடாது.

ஒத்திகையில் ஏழாவது நிமிஷம் திண்ணை இருண்டது. நண்பர் ஹெட்செட்டைக் கழற்றினார். சென்சார் பட்டைகளோடு, வியர்வை வழிய நடிகை வெளியே வந்து தண்ணீர் நீட்டினார். நண்பர் சொம்பை வாங்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆயா கை இதவிடச் சொரசொரப்பா இருக்கும்” என்றார்.