ஒரு முழு நிமிடம் எண்ணிய மூச்சு

இராமநாதபுரம் கடற்கரையில் 'செப்டிக் ஆகிவிட்டது' என்றால் புண்ணில் சீழ் வைத்துவிட்டது என்றே பொருள். ஆகவே திருக்கை முள் குத்திய மீனவரையும், பாசி எடுக்கப் போய்ப் பாறையில் கால் கிழித்துக்கொண்ட பெண்ணையும் அழைத்து வருபவர்கள் காயத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மருத்துவம் 'செப்சிஸ்' என்று சொல்வது வேறு: நோய்த்தொற்றை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்வினை கட்டுமீறி, தன் உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் உயிராபத்து நிலை. அது காயத்தில் தெரிவதற்கு முன்பே மூச்சிலும் நினைவிலும் தெரியக்கூடும்.

முதுநிலை செவிலியர் மாணவியரின் ஆய்வுக்கு வழிகாட்டும் எனக்கு ஒரு நோயாளி இன்னும் நினைவில் இருக்கிறார். திருக்கை முள் குத்தி மூன்றாம் நாள் சேர்க்கப்பட்ட, சர்க்கரை நோயுள்ள மீனவர். கேஸ் ஷீட்டில் மூன்று ஷிஃப்டிலும் மூச்சு நிமிடத்துக்கு 20 என்றே இருந்தது. "வீக்கம் நேத்து மாதிரிதான் இருக்கு சிஸ்டர், ஆனா விடியக்காலைலேருந்து பேச்சு ஒரு மாதிரியா இருக்கு" என்று அவர் மனைவி சொன்னதைக் கேட்ட என் மாணவி, மார்பின் அசைவைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினார்: 28. பிரிட்டனில் 2017-இல் வெளியான நியூஸ்-2 என்னும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மதிப்பெண் கூடக் கூட ஆபத்து அதிகம்; மூச்சு 20 என்றால் பூஜ்யம். 25-க்கும் அதற்கு மேலும் 3. புதிதாக வந்த குழப்பத்துக்கு இன்னொரு 3. ஐந்தைத் தொட்டாலே மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும் என்கிற அந்த முறையில், இவர் காகிதத்தில் நலமாகவும் கட்டிலில் ஆறு மதிப்பெண்ணோடும் கிடந்திருக்கிறார். இத்தனை படுக்கைகளுக்கு ஒரே செவிலியர் என்ற நிலையில் 20 என்று எழுதிய கைகளை நான் பழிக்க மாட்டேன்.

ஆனால் ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அதுதான். வினாத்தாள் கொடுத்து, வகுப்பு எடுத்து, மறுபடி வினாத்தாள் கொடுத்து மதிப்பெண் உயர்ந்ததென்று முடிக்கும் ஆய்வேடுகள் நமக்குப் போதும். ஒரே நோயாளியின் மூச்சை இரு மாணவியர் தனித்தனியாக எண்ணி, கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டு, எத்தனை எச்சரிக்கைகள் தவறின என்று கணக்கிடட்டும். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். நினைவு குழம்பியவருக்காக உறவினரிடம் ஒப்புதல் பெற வேண்டும். சிகிச்சை எந்தக் கையெழுத்துக்காகவும் காத்திருக்கக் கூடாது.

எங்கள் படிவத்தில் மூச்சின் எண்ணுக்குப் பக்கத்திலேயே, டியூட்டி டாக்டரிடம் சொன்ன நேரத்துக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். எண் 25-ஐத் தொட்டிருக்க அந்தக் கட்டம் காலியாக இருந்தால், படிவத்தை வாங்குவதற்கு முன் அந்த நோயாளியின் கட்டிலுக்குத்தான் நானும் படிவத்தைக் கொண்டுவந்த மாணவியும் போகிறோம்.