எட்டு விநாடி வயலின்: மெல்லோட்ரான் வேலை செய்யும் விதம்

"ப்ராக்ரஸிவ் ராக் ஆல்பங்களில் பின்னணியில் நடுங்கிக்கொண்டே வருகிறதே ஒரு வயலின் கூட்டம், அது சின்தசைசரா, நிஜ ஆர்க்கெஸ்ட்ராவா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்த ஆல்பங்கள் பலவற்றில் அது இரண்டுமே இல்லை. நிஜ வயலின்தான், ஆனால் ஒலிநாடாவில். கருவியின் பெயர் மெல்லோட்ரான்.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம். அமெரிக்காவில் ஹாரி சேம்பர்லின் உருவாக்கிய நாடாக் கீபோர்டுதான் மூலம். அவருடைய விற்பனையாளர் ஒருவர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, பர்மிங்ஹாமில் பிராட்லி சகோதரர்கள் 1963இல் மெல்லோட்ரான் மார்க் 1ஐ வெளியிட்டார்கள். மேடைக்குத் தூக்கிப்போகும்படி ஓரளவு சிறிதாக எம்400 வந்தது 1970இல். சிறிது என்றாலும் ஐம்பது கிலோவுக்கு மேல்.

எம்400இல் 35 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் தனியாக ஒரு நாடா, அதில் பதிந்த ஒலியைப் படிக்கத் தனியாக ஒரு ஹெட். நாடா விநாடிக்கு சுமார் 19 செ.மீ. ஓடுகிறது, நீளம் ஒன்றரை மீட்டர் அளவு. வகுத்துப் பார்த்தால் எட்டு விநாடி. அதற்குமேல் விரலை அழுத்தியே வைத்திருந்தாலும் ஒலி நின்றுவிடும். நாடாவின் அகலத்தில் மூன்று தடங்கள். வயலின், புல்லாங்குழல், செல்லோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தடம் மாற்றும் குமிழைத் திருப்பினால் ஹெட்டுகள் எல்லாம் சேர்ந்து பக்கவாட்டில் நகரும். இரண்டு தடங்களுக்கு நடுவில் நிறுத்தினால் இரண்டும் கலந்து கேட்கும்.

இனி கட்டைக்கு அடியில் குனிந்து பார்ப்போம். கருவியின் குறுக்கே ஒரு நீளமான உலோகத் தண்டு ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கிறது. அதுதான் கேப்ஸ்டன். நாடா அதன்மேல் சும்மா கிடக்கும். கட்டையை அழுத்தியதும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன: ஒரு ரப்பர் உருளை நாடாவைக் கேப்ஸ்டனோடு சேர்த்து நெரிக்கிறது, ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) ஒட்டிய ஒரு சிறு பட்டை நாடாவை ஹெட்டின்மேல் அமுக்குகிறது. நாடா ஓடி, கீழே உள்ள பெட்டிக்குள் விழுகிறது. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். இழுத்து முடிப்பதற்குள் மறுபடி அழுத்தினால் சுரம் தொடக்கத்திலிருந்து வராது, பாதியிலிருந்து கிளம்பும்.

இதில் அழகான விஷயம் அந்த ஃபெல்ட் பட்டைதான். காந்த நாடாவுக்கும் ஹெட்டுக்கும் இடையே துளி இடைவெளி விழுந்தாலும் ஒலி குறையும். எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு துல்லியமான சூத்திரம் இருக்கிறது. இடைவெளியை, நாடாவில் பதிந்த அலையின் நீளத்தால் வகுத்து, 54.6ஆல் பெருக்குங்கள், இழப்பு டெசிபெலில் கிடைக்கும். 19 செ.மீ. வேகத்தில் 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 38 மைக்ரான். இடைவெளி 5 மைக்ரான் என்றால் இழப்பு 7 டெசிபெல். அதே இடைவெளியில் 500 ஹெர்ட்ஸ் ஒலி இழப்பது 0.7 டெசிபெல்தான். அதாவது, தளர்ந்த அழுத்தம் வயலினின் வில் உரசும் கீறலை விழுங்கிவிட்டு, அடிச்சுரத்தை அப்படியே விட்டுவைக்கும். ஒலி வெறுமனே சிறுக்காது, மங்கும்.

அந்தப் பட்டையை அமுக்குவது யார்? வாசிப்பவரின் விரல். மெதுவாக அழுத்தினால் மூட்டமான வயலின், முழுக்க அழுத்தினால் கூர்மையான வயலின். டிஜிட்டல் நகல்களில் பலவும் தோற்பது இங்கேதான் என்பது என் கட்சி. நாடாவில் உள்ள ஒலியைச் சுத்தமாகப் பிரதி எடுத்துவிடுகிறார்கள்; விரலுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள அந்தச் சில மைக்ரான்களை விட்டுவிடுகிறார்கள்.

நடுக்கத்துக்குக் காரணம் ரப்பர் உருளைகள். கேப்ஸ்டன் எல்லாக் கட்டைகளுக்கும் பொது, ஆனால் உருளைகள் தனித்தனி. ஒவ்வொன்றும் நாடாவைப் பிடிக்கும் பிடி கொஞ்சம் வேறுபடும், வழுக்கலும் வேறுபடும். ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்து அழுத்துங்கள். 440 ஹெர்ட்ஸ் அருகே வேகத்தில் 0.3 சதவீத வித்தியாசம் இருந்தாலே விநாடிக்கு ஒரு தடவைக்குச் சற்று மேல் ஒலி ஏறி இறங்கும். இதோடு பதிவு செய்தபோது வாசித்தவர்களுடைய கையின் நடுக்கமும் சேர்கிறது. ஒவ்வொரு சுரமும் தனியாகப் பதிவானது என்பதால் மேல் சுரத்தில் அந்த நடுக்கம் செயற்கையாக வேகம் பிடிப்பதில்லை. ஒரே பதிவைப் பல சுரங்களுக்கு இழுத்துப் பரப்பும் மலிவு சாம்ப்ளர்களில் (பதிவு செய்த ஒலியை டிஜிட்டலாக வாசிக்கும் கருவிகள்) அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மேடையில் கெடுவது பெரும்பாலும் மோட்டார் பக்கம். பத்து விரலையும் வைத்தால் பத்து நாடாக்களின் உராய்வும் ஒரே தண்டின் தலையில் விழும். வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று ஈடுகொடுக்காவிட்டால் சுருதி இறங்கும்: ஒரு சதவீதம் குறைந்தால் 17 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்), ஆறு சதவீதம் என்றால் முழு அரைச்சுரம். சரிசெய்ய உட்கார்ந்தால் முதலில் ஹெட்டுகளை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காந்தம் நீக்குங்கள். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ள இரண்டு திருகுகள், பட்டைக்கு ஒன்று, உருளைக்கு ஒன்று. உருளை முந்திக்கொண்டு பிடித்தால், நாடா ஹெட்டைத் தொடுவதற்குள் சுரத்தின் தொடக்கம் ஓடிப்போயிருக்கும். பட்டை இறுகினால் நாடா இழுபட்டுச் சுருதி தாழும். ஒரே நேரத்தில் இரண்டு திருகுகளையும் திருப்புகிறவர்கள் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

இந்தக் குறைகளே இசையின் வடிவத்தையும் தீர்மானித்தன. எட்டு விநாடிக்குள் கார்டை, அதாவது சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டை, மாற்றியாக வேண்டும். அல்லது விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதே கார்டின் சுரங்களை வேறு கட்டைகளில் அடுக்கிய வைப்புக்கு ஊர்ந்துபோக வேண்டும். ஜெனிசிஸ் குழுவின் 'ஃபாக்ஸ்ட்ராட்' (1972) ஆல்பத்தின் தொடக்கத்தை இந்தக் காதோடு கேளுங்கள். கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் (1969) அதைவிடக் கனமானது. மெல்லோட்ரானை வயலினுக்கு மாற்றாக நினைக்காமல், அதற்கென்று ஒரு குரல் உண்டு என்று வாசித்திருக்கிறார்கள். டேஞ்சரின் ட்ரீமின் 'ஃபேட்ரா' (1974) மெதுவாக நகர்வதால் நாடாவின் தள்ளாட்டம் நிர்வாணமாகக் கேட்கும். என் முதல் பரிந்துரை அதுதான்.

ஜாஸையும் ராக்கையும் கலக்கும் ஃப்யூஷன்காரர்கள் ஏன் இதன் பக்கம் அதிகம் வரவில்லை என்பதற்கும் அதே ஸ்பிரிங் ஒரு நல்ல விடை. நாடா திரும்பி வரும்வரை காத்திருக்கும் கருவியில் அதிவேகச் சுர வரிசைகளைப் பொழிய முடியாது. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' (1973) ஆல்பத்தில் யான் ஹாமர் மினிமூக் சின்தசைசரில் கிட்டாரைத் துரத்துவதைக் கேட்டால் வித்தியாசம் புரியும்.

கடைசியாக ஒரு மூடநம்பிக்கை. "அனலாக் என்றாலே ஒரு கதகதப்பு" என்று ரசிகர்கள் மந்திரம்போல் ஓதுகிறார்கள். இங்கே மந்திரம் ஒன்றும் இல்லை: உயர் அலைவரிசை இழப்பு, வேகத் தள்ளாட்டம், நாடா இரைச்சல், மூன்றையும் கருவி வைத்து அளந்துவிடலாம். ஓப்பெத் குழுவின் 'டாம்நேஷன்' (2003) ஆல்பத்தில் வரும் மெல்லோட்ரான் பிடித்திருந்தால் தாராளமாகப் பிடிக்கட்டும், அதற்கு ஆவியைக் காரணம் காட்ட வேண்டாம்.