உண்ணி வகுத்த எல்லை: டாட்ஜ் சிட்டியில் சட்டம் இயங்கிய விதம்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலுள்ள டாட்ஜ் சிட்டியில் 1870களின் இறுதியில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில், புழுதி படிந்த அகலமான தெருவும், அதன் ஓரம் மரத்தாலான கடைகளும், நடுத்தெருவில் ஒரு கிணற்றின்மேல் நிறுத்தப்பட்ட பலகையும் தெரிகின்றன. துப்பாக்கி எடுத்துச் செல்வது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது என்று பலகையின் மேற்பகுதி அறிவிக்கிறது. கீழ்ப்பகுதியில் கசப்பு மருந்து ஒன்றின் விளம்பரம் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டைக்காகவே உலகம் நினைவில் வைத்திருக்கும் ஊரின் நடுத்தெருவில் இப்படி ஒரு பலகை ஏன் நின்றது? இதற்கு விடை தேட, துப்பாக்கியைச் சற்று ஒதுக்கிவிட்டு, மாட்டின் தோலில் ஒட்டியிருந்த உண்ணியிலிருந்து தொடங்குவதே சரியான வழி என்று நினைக்கிறேன்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சஸில் நீளக்கொம்பு மாடுகள் ஏராளமாக இருந்தன, வாங்குவோர் இல்லை. வடக்கு நகரங்களிலோ இறைச்சிக்குப் பெரும் கிராக்கி. ஆகவே மாடுகளை மந்தை மந்தையாகப் பல நூறு மைல் வடக்கே நடத்திச் சென்று, கான்சஸில் ரயிலேற்றும் தொழில் பிறந்தது. ஆனால் டெக்சஸ் மாடுகள் கடந்துபோன வழியெங்கும் உள்ளூர் விவசாயிகளின் மாடுகள் கடும் காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவந்து, சில நாட்களில் செத்து விழுந்தன. வந்த மாடுகளோ கொழுகொழுவென்று நலமாக இருந்தன. நோயே இல்லாத மாடு எப்படி நோயைப் பரப்பும் என்று டெக்சஸ்காரர்கள் கேட்டதில் அவர்களுக்கு நியாயம் இருந்தது.

நோய்க்குக் காரணம் பேபீசியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அது மாட்டின் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைக்கிறது. உடைந்த அணுக்களிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின்தான் சிறுநீரைச் சிவப்பாக்குகிறது. டெக்சஸ் மாடுகளுக்கு இந்தத் தொற்று கன்றுப் பருவத்திலேயே இலேசாக வந்துபோய்விடுவதால், பிற்பாடு அவை நோய்வாய்ப்படாமலேயே ஒட்டுண்ணியைச் சுமந்து திரியும். அதை இன்னொரு மாட்டுக்குக் கொண்டுசேர்ப்பது உண்ணி. மாட்டின் இரத்தத்தைக் குடித்து வீங்கிய பெண் உண்ணி புல்லில் விழுந்து ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. ஒட்டுண்ணி அந்த முட்டைகள் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. சில வாரங்களில் பொரிக்கும் குஞ்சுகள் புல் நுனியில் ஏறிக் காத்திருந்து, அங்கே மேய வரும் உள்ளூர் மாட்டைக் கடிக்கின்றன. மந்தை ஊரைக் கடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகே சாவு தொடங்கும் என்பதால், இரண்டுக்கும் உள்ள தொடர்பு எளிதில் புலப்படவில்லை. தியோபால்ட் ஸ்மித், ஃபிரெட்ரிக் கில்போர்ன் ஆகியோர் இதைச் சோதனைகளால் நிறுவி வெளியிட்ட ஆண்டு 1893. நாட்டு மாட்டைவிடக் கலப்பின மாட்டை அதிகம் வாட்டும் பேபீசியோசிஸை நம் கால்நடை மருத்துவர்களும் நன்கு அறிவார்கள்.

காரணம் தெரிவதற்கு முன்பே சட்டம் செயல்பட வேண்டியிருந்தது. 1867இல் கான்சஸ் சட்டமன்றம் மாநில வரைபடத்தில் ஓர் எல்லைக் கோட்டை வகுத்து, அதற்குக் கிழக்கே கோடை மாதங்களில் டெக்சஸ் மாடு நுழையக் கூடாது என்றது. உறைபனியில் உண்ணி மடியும் என்பது தெரியாமலேயே, குளிர்காலத்தில் வரும் மாடுகளால் தீங்கில்லை என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார்கள். நடைமுறையில் இந்தக் கோடு வளைந்துகொடுத்தது. முதல் மாட்டுச் சந்தை நகரமான அபிலீன் தடைசெய்யப்பட்ட பக்கத்தில்தான் இருந்தது. வியாபாரி ஜோசப் மெக்காய் ஆளுநரின் ஆதரவைப் பெற்றதால் தொழில் நடந்தது. பிறகு விவசாயக் குடியேற்றம் மேற்கே பரவப் பரவ, கோடும் மேற்கே நகர, சந்தையும் கூடவே நகர்ந்தது. அபிலீனுக்குப் பின் விசிட்டா முன்னுக்கு வந்தது. 1876இல் கோடு மீண்டும் நகர்ந்தபோது வாய்ப்பு டாட்ஜ் சிட்டிக்கு வந்தது.

டாட்ஜ் சிட்டி ரயில் வந்த 1872இல் எருமைத்தோல் வியாபாரத்துக்காக உருவான ஊர். முதல் ஓராண்டில் அங்கே முறையான அதிகாரிகள் யாருமில்லை. வணிகர்கள் அமைத்த காவல் குழு சீக்கிரமே கொலைக் கும்பலாக மாறியது. 1873 ஜூனில் அக்குழுவினர் வில்லியம் டெய்லர் என்ற கறுப்பினத்தவரைக் கொன்றனர்; அவர் அருகிலிருந்த ராணுவக் கோட்டையின் தளபதியிடம் வேலை பார்த்தவர் என்பதால் ராணுவமே தலையிட்டுச் சிலரைக் கைதுசெய்தது. மாட்டு வியாபாரம் வந்த காலத்தில் மாவட்டத்துக்குத் தேர்தலில் வென்ற ஷெரிப் என்ற காவல் தலைவர், நகரத்துக்கு மேயர் நியமித்த மார்ஷல் என்ற காவல் தலைவர், சிறு வழக்குகளுக்கு நகர நீதிமன்றம், பெரிய வழக்குகளுக்கு ஜூரியுடன் மாவட்ட நீதிமன்றம் என்ற அமைப்பு நிலைபெற்றிருந்தது.

அந்த அமைப்புக்கு முன்னிருந்த சிக்கல் எளிதானதன்று. மாதக்கணக்கில் வெயிலிலும் புழுதியிலும் மந்தையோடு நடந்துவந்த இளைஞர்கள், மொத்தக் கூலியும் கையில் கிடைத்தவுடன் நகருக்குள் நுழைவார்கள். அவர்கள் செலவழிக்க வேண்டும். அதே சமயம் யாரையும் சுடக் கூடாது. ஆகவே அதிகாரிகள் தவிர எவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று நகரம் விதித்தது. வருகிறவர் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, ஊரைவிட்டுப் போகும்போது திரும்பப் பெறலாம். விசிட்டாவில் இதற்கு அடையாளமாக உலோக வில்லைகூடக் கொடுத்தார்கள். ஏட்டில் விதி நகர் முழுமைக்கும் ஒன்றுதான். நடைமுறையில் ரயில் தண்டவாளம் இன்னொரு எல்லையானது: கடைகளும் குடும்பங்களும் இருந்த வடபுறத்தில் கெடுபிடி அதிகம், நடன விடுதிகள் நிறைந்த தென்புறத்தில் தளர்வு.

இதற்கான செலவையும் அதே வியாபாரமே தாங்கியது. சூதாடிகளும் பாலியல் தொழிலாளர்களும் குறித்த இடைவெளியில் நீதிமன்றத்துக்கு வந்து அபராதம் கட்டிவிட்டுத் தொழிலுக்குத் திரும்பினார்கள். பெயர்தான் அபராதம், உண்மையில் அது உரிமக் கட்டணம். மதுக்கூட உரிமத் தொகையோடு இந்தப் பணமும் சேர்ந்துதான் காவலர்களின் சம்பளம் ஆனது. குற்றத்தை ஒழித்தால் வருவாயும் ஒழியும் என்ற இந்த ஏற்பாட்டின் சுமை பெருமளவு பெண்கள்மேல் விழுந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆயுதத் தடை எந்த இடத்தில் உடையும் என்பதை 1878 ஏப்ரல் 9 இரவு காட்டியது. தண்டவாளத்துக்குத் தெற்கே ஒரு நடன விடுதியில், ஜாக் வாக்னர் என்ற குடிபோதையிலிருந்த மாடோட்டியிடமிருந்து நகர மார்ஷல் எட் மாஸ்டர்சன் துப்பாக்கியைப் பறித்து, அவனுடைய தலைவனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். சற்று நேரத்தில் அதே துப்பாக்கியோடு வாக்னரும் வெளியே வந்தான். கைகலப்பில் வெடித்த குண்டு மாஸ்டர்சனின் வயிற்றில் பாய்ந்தது. அக்காலத்துக் கருமருந்து சுடும்போது குழல்வாயிலிருந்து பெரும் தீப்பிழம்பைக் கக்கும். துப்பாக்கி உடலோடு உடலாக இருந்ததால் அவர் சட்டை தீப்பற்றி எரிந்தது. அப்படியே தண்டவாளத்தைக் கடந்து நடந்தவர் ஒரு மதுக்கூடத்தில் விழுந்து, ஒரு மணி நேரத்துக்குள் இறந்தார். பறித்த ஆயுதம் பொது இடத்தில் சேர்க்கப்படாமல் தெரிந்தவர் கைக்குப் போனதுதான் அன்றைய ஓட்டை.

அதே ஆண்டு அக்டோபர் 4 விடியற்காலையில், மேயர் கெல்லி அங்கே உறங்குவதாக எண்ணி அவருடைய வீட்டை நோக்கி ஒருவன் சுட்டான். மேயர் சிகிச்சைக்காக ராணுவக் கோட்டையில் இருந்தார். மெல்லிய மரச் சுவரைத் துளைத்த குண்டு, உள்ளே தூங்கிய பாடகி டோரா ஹேண்டைக் கொன்றது. இறந்த எட் மாஸ்டர்சனின் தம்பியான ஷெரிப் பேட் மாஸ்டர்சன் தலைமையில் ஒரு குழு துரத்திச் சென்று, டெக்சஸின் பெரும் பண்ணையார் ஒருவரின் மகனான ஜேம்ஸ் கெனடியைப் பிடித்துவந்தது. ஒரு சிறிய அறையில், பொதுமக்கள் நுழைய இடமின்றி நடந்த முதற்கட்ட விசாரணையில் சாட்சியம் போதாது என்று அவன் விடுவிக்கப்பட்டான். ஊரே டெக்சஸ் மாட்டுக்காரர்களின் பணத்தில் பிழைத்தது என்பதை நினைக்கும்போது இந்த முடிவு நெஞ்சை உறுத்துகிறது.

இப்படிப்பட்ட ஊரில் எத்தனை கொலைகள்தான் நடந்தன? 1870 முதல் 1885 வரை கான்சஸின் ஐந்து மாட்டுச் சந்தை நகரங்களை ஆராய்ந்த வரலாற்றாய்வு மொத்தம் 45 என்று கணக்கிட்டது. ஒரு நகரத்துக்கு ஒரு சந்தைப் பருவத்தில் சராசரியாக 1.5. சுடப்பட்டு இறந்த 39 பேரில் திருப்பிச் சுட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, நேருக்கு நேர் நின்று சுடும் காட்சி மிக அரிது. ஆனால் விகிதமாகப் பார்த்தால் படம் மாறுகிறது. 1880 கணக்கெடுப்பில் டாட்ஜ் சிட்டியின் மக்கள்தொகை 996. அங்கே ஒரே ஒரு கொலை நடந்தாலும் இலட்சத்துக்கு 100 என்றாகிவிடும். கணக்கில் வராத நூற்றுக்கணக்கான மாடோட்டிகளைக் கோடையில் சேர்த்தால் விகிதம் குறையும். எண்ணிக்கை சிறிதாக இருந்ததால் ஊர் பாதுகாப்பானது என்பதும், விகிதம் பெரிதாக இருந்ததால் தினமும் இரத்தம் ஓடியது என்பதும் ஒருசேரப் பிழை.

1885இல் கான்சஸ் சட்டமன்றம் தடையை மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கியது. கோடு நகர மேற்கே இடம் மிச்சமில்லை. டாட்ஜ் சிட்டியின் மாட்டுச் சந்தை அத்துடன் முடிந்தது. உண்ணியை ஒழிக்கும் கூட்டாட்சி அரசின் இயக்கம் 1906இல் தொடங்கியது; மாடுகளை மருந்துத் தொட்டிகளில் முக்கியெடுத்து, 1943க்குள் ஏறத்தாழ நாடு முழுவதும் அதை அகற்றினார்கள். எஞ்சியது மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஒரு நிலப்பட்டை மட்டுமே. அங்கே ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், வழிதவறி ஆற்றைக் கடந்துவரும் மாடுகளைப் பிடித்து உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் அரசு ஆய்வாளர்கள் இன்றும் குதிரை மீதேறிக் காவல் செல்கிறார்கள்.